யார் வழியா வந்துச்சு?

கச்சிராயபாளையத்தில் என் தையல் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாதவர்கள் குறைவு. ஜாக்கெட் கொடுக்க வருகிறவள் கூடவே ஒரு கதையைக் கொடுத்துவிட்டுப் போவாள். வாங்க வருகிறவள் அதை வாங்கிக்கொண்டு போவாள். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. தையல் மிஷினோடு மட்டும் நாள் முழுக்கப் பேச முடியுமா? ஆனால் அந்தக் கதைகளைப் பிரித்துப் போட்டு, எது எங்கே எவ்வளவு திரும்பியது என்று கணக்குப் பார்த்த ஒரே ஆள், என் மாடியில் வாடகைக்கு இருந்த ஆன்டெனாம்மாதான்.

ஒரு பேச்சு காதுக்கு வந்தால் ஊரே "யாரு சொன்னது?" என்று கேட்கும். அவர் அப்படிக் கேட்டதே இல்லை. "யார் வழியா வந்துச்சு?" என்பார்.

அவர் குடிவந்த புதிதில் ஒரு நாள். எதிர்வீட்டுப் பெண், நான் துணியில் கால் மீட்டரை ஒளித்து வைத்துப் பை தைத்துக்கொள்கிறேன் என்று சொன்னதாகப் பூக்காரம்மா வந்து ஓதிவிட்டுப் போனாள். நான் கத்தரியும் கையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தேன். ஆன்டெனாம்மா மாடிப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"யார் வழியா வந்துச்சுக்கா?"

"பூக்காரம்மா சொல்லிச்சு."

"பூக்காரம்மா போன மாசம் ஒரு துணி குடுத்தாங்களே, தெச்சுக் குடுத்தீங்களா?"

"இன்னும் தெக்கல."

"அப்ப அங்கயே பாதி திரும்பியிருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கடலைத் தோலை ஊதினார்.

அதோடு விட்டாரா? பூக்காரம்மாவின் மருமகளைப் போய்ப் பார்த்தார். அந்தப் பெண் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் சொன்னது இது: "வெட்டுன துணியில எல்லாம் அக்கா பை தெச்சு வெச்சிருக்காங்க, அழகா இருக்குதுன்னு எதுர் வூட்டம்மா சொன்னாங்க." எதிர்வீட்டுக்காரி என்னைப் பாராட்டியிருக்கிறாள்! கொதித்த கொதிப்பை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது என்று தெரியாமல் நான் அந்தப் பைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊர்ச் சொல்லையெல்லாம் இப்படிப் பிரித்து மேய்ந்தவர், தன்னைப் பற்றி வந்த ஒரு சொல்லை மட்டும் பிரிக்காமலே விழுங்கி வைத்திருந்தார். அது பிறந்த வீட்டிலிருந்து வந்த சொல். திருநாவலூர்ப் பக்கம் அவர் ஊர். அண்ணன், அண்ணி, நிலம், மாடு எல்லாம் அங்கே இருந்தன. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். போகவே மாட்டார்.

எங்கள் மாவட்டத்தைத் தனியாகப் பிரித்துச் சில வருடம் ஆன பிறகு அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். தொளதொள சுடிதார், தோளில் ஒரு பை, கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். அந்த டிரான்சிஸ்டரில் பாட்டுக் கேட்க மாட்டார். ஸ்டேஷனே இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கடைக்குள் நடப்பார். என் மிஷின் மோட்டார் பக்கம் வந்தால் அது கரகரவென்று கத்தும். "உங்க மோட்டாரு ரொம்பப் பேசுதுக்கா," என்பார். பேசுகிற மோட்டார்தானே இந்தக் கடைக்குப் பொருத்தம் என்று நான் சொல்வேன்.

அவருடைய வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வந்து, மாடியில் இரண்டு நாள் சமைத்துப் போட்டுவிட்டுப் போவார். இவருக்குச் சமைக்கத் தெரியாது, வேர்க்கடலை உரிக்கத்தான் தெரியும்.

அவருடைய வேலை கல்வராயன் மலைமேல். சடையன் என்கிற மலைக்காரருடைய நிலத்தில், சாமைக் காட்டை ஒட்டித் தரிசாகக் கிடந்த இடத்தில், கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஆன்டெனா வரிசை நிறுத்தியிருந்தார். சுற்றிலும் மலை மடிப்பு. கீழ்நாட்டு ரேடியோ இரைச்சல் ஏறி வராத இடம். அதற்காகவே தேடிப் பிடித்திருந்தார். ஜீப் ஓட்டும் முருகேசன் வண்டியை ஒரு வளைவுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். எஞ்சினிலிருந்து கிளம்புகிற அந்த இரைச்சல்கூடக் கம்பிகளுக்கு ஆகாது. அங்கிருந்து போனை அணைத்துவிட்டு நடைதான். ஒவ்வொரு ஆன்டெனா அடியிலும் ஒரு பெட்டி இருக்கும், அதற்கு மழை உறை தைத்துக் கொடுத்தது நான். ஜிப் கூடாது, கொக்கி கூடாது, பட்டன்கூட இரும்பில் கூடாது, நாடா வைத்துத்தான் கட்ட வேண்டும். கல்யாணப் பெண்கூட ஜாக்கெட்டுக்கு இத்தனை நிபந்தனை போட்டதில்லை.

"இத்தினி கம்பிய நட்டு இன்னாத்தம்மா கேக்குறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

என் இஞ்ச் டேப்பை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டு விறைப்பாக இழுத்தார்.

"டேப்போட தட்ட முகம் மேல பாத்துக்கினு இருக்குதா? ரொம்ப ரொம்ப தூரத்துல, நம்ம பால்வீதிக்கு அந்தாண்ட, ஒரு எடத்துலேர்ந்து ரேடியோ அலை கெளம்புது. இதாட்டம் ஒரு பக்கமா ஆடிக்கினு கெளம்புது. வழியில காந்தம் இருந்தா..." என்று தன் முனையை மெல்லத் திருப்பினார். டேப் நடுவில் முறுக்கிக்கொண்டது. "நம்மகிட்ட வந்து சேரும்போது இப்படி சாஞ்சிருக்கும். எவ்ளோ சாஞ்சிருக்குன்னு பாத்தா, வழியில இருக்குற காந்தம் எவ்ளோன்னு சொல்லிடலாம். கேலக்ஸிக்கும் கேலக்ஸிக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லன்னு நெனைக்கிறோமே, அங்ககூட துளியூண்டு காந்தம் இருக்குது. எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல."

"கெளம்புறப்ப எப்படி இருந்துச்சுன்னு யாரு பாத்தா? அது தெரியாம எவ்ளோ சாஞ்சுதுன்னு எப்படி சொல்லுவீங்க?" என்றேன். ஊர்க்கதை கேட்டே வளர்ந்தவளுக்கு இந்தச் சந்தேகம் வராதா?

அவருக்கு ஒரே சந்தோஷம். "அத்தான்க்கா கேள்வி! அதே எடத்துலேர்ந்து நீள அலையும் வருது, குட்டை அலையும் வருது. ஒரே வழியிலதான் வருது. ஆனா நீள அலைக்கு முறுக்கு ஜாஸ்தி, குட்டைக்குக் கம்மி. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, முறுக்காம இருந்தா எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சிடும். ஊர்ப் பேச்சும் அப்படித்தான். ஒரு வாயில கேட்டுட்டு நம்பக் கூடாது. நெறைய திருப்புற வாய் ஒண்ணு, கம்மியா திருப்புற வாய் ஒண்ணு, ரெண்டுத்துலயும் கேக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தத் தெருவுல நீங்கதான்க்கா நீள அலை."

"எனக்கு வாய் ஜாஸ்தின்னு சொல்றீங்களா?"

"அய்யய்யோ, எனக்கு வேண்டியதே நீள அலைதான். கொஞ்சத்துக்கே முறுக்கிக்கிற அலையிலதான் துளியூண்டு காந்தமும் மாட்டும். குட்டை அலைய வெச்சுக்கினு இந்த வேலைய செய்யவே முடியாது."

திட்டினாரா, புகழ்ந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று முதல் எந்தக் கதை கேட்டாலும் முதலில் என்னிடம் கேட்பார், பிறகு பூக்காரம்மாவின் மருமகளிடம் போவார்.

திரும்புவதைக் கழிப்பதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நம் தலைக்கு மேலே இருக்கிற ஆகாசத்தைக் கழிக்க வேண்டும், அதுவே கொஞ்சம் முறுக்கும், வெயில் ஏற ஏற ஜாஸ்தி முறுக்கும். அதனால்தான் அவர் வேலையெல்லாம் ராத்திரியில். அப்புறம் நம் பால்வீதியைக் கழிக்க வேண்டும். இதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால்தான் அது உண்மை. கழிக்காமல் எதையும் நம்ப மாட்டார். நல்ல செய்தியாக இருந்தால் இன்னும் சந்தேகம். ஒரு நாள் மலையிலிருந்து இறங்கியவர் நேரே கடைக்குள் வந்து, "அக்கா, எல்லாம் கழிச்சப்புறமும் மிச்சம் இருக்குது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எதற்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை, ஆனாலும் சாப்பிட்டோம்.

எனக்கு உறுத்தியது ஒரு பழக்கம். கண்டக்டர், பால்காரர், இளநீர் வெட்டுகிறவர் என்று எல்லோரையும் நாம் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவோம். இவர் வாயில் அந்த வார்த்தை வரவே வராது. முருகேசனையும் "சார்" என்பார். முருகேசன் பீடி பிடித்துக்கொண்டிருந்தால்கூட "சார்"தான்.

ஒரு பொங்கலன்று ஊரே கோலமும் கரும்புமாக இருந்தபோது அவர் மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "பொறந்த வூட்டுலேர்ந்து பொங்க வரிசை வரலியாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

"அப்பா செத்தப்ப நான் வெளிநாட்டுல ஒரு ஆன்டெனா காட்டுல இருந்தேன்," என்றார். "ஃபிளைட் மாறி மாறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மெட்ராஸ்ல எறங்குனதும் போன் வந்துச்சு. அப்பன் மூஞ்சியப் பாக்க வராதவ இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாராம். அத்தை சொன்னாங்க. அப்படியே திரும்பிட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. பொங்கலில் இருந்த முந்திரியைப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனசுக்குள் அந்த வாசற்படி எப்போதும் இருந்தது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த சாமை அறுப்புக்கு முன்னால்தான் அந்த வம்பு வந்தது. முருகேசன் ஜீப்பைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"மேடம், சடையன் கம்பியெல்லாம் புடுங்கிப் போடப் போறானாம்! ஆபீசுக்காரங்க என் நெலத்த எடுத்தா நான் அவங்க கம்பிய எடுத்துடுவேன்னு சந்தையில நின்னுக்கினு கத்தினானாம்!"

ஆன்டெனாம்மா முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கம்பிகள் போனால் அவருடைய வருஷக்கணக்கான வேலை போச்சு. எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்டேஷனுக்குப் போங்க, வாய்ப்பேச்சா இடம் வாங்கினதுதான் தப்பு, உடனே பத்திரம் எழுதுங்க என்று நான் பாட்டுக்கு அடுக்கினேன். அவர் தன் பழைய குரலில், "யார் வழியா வந்துச்சு சார்?" என்றார்.

"மலைச் சந்தையில மரவள்ளிக் கெழங்கு விக்கிற அம்மா சொல்லிச்சு."

மறுநாள் காலை மூவரும் ஏறினோம். சில உறைகளில் நாடா அறுந்துவிட்டது என்று சாக்கு வைத்துக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். உண்மையில் சண்டை பார்க்கத்தான் போனேன்.

கிழங்கு விற்கிற அம்மா எங்களைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தாள்.

"கத்தலாம் இல்லியே. சடையன் மெதுவாத்தான் சொல்லிச்சு. நாந்தான் கொஞ்சம் வேகமா சொல்லிட்டன் போல," என்றாள். "எங்க பாட்டன் காலத்துல யாரோ வந்து கல்லு நட்டுட்டுப் போனாங்களாம்மா. கல்லுக்கு அந்தாண்ட இருந்த காடு எங்களுது இல்லன்னு ஆயிப்போச்சு. அளக்க வர்றாங்கன்னு கேட்டதும் தராச அப்படியே போட்டுட்டு ஓடுனன். நாந்தான் போயி சடையங்கிட்ட சொன்னன், உன் நெலத்த எடுக்க வர்றாங்கன்னு."

"அளக்க வர்றாங்கன்னு யாரு சொன்னது?"

"தோ நிக்கிறாரே, ஜீப்புக்காரரு."

முருகேசன் திடுக்கிட்டார். "நீங்கதான மேடம் சொன்னீங்க, பெரிய ஆபீசருங்கள்லாம் வர்றாங்கன்னு?"

"ஆன்டெனாவப் பாக்க வர்றாங்கன்னு சொன்னேன் சார்."

"எங்க வூட்டுக்கும் பாக்கத்தான் மேடம் வந்தாங்க," என்றார் முருகேசன். குரல் இறங்கிவிட்டது. "பாத்தாங்க. அப்புறம் அளந்தாங்க. அப்புறம் ரோடு போடணும்னு முன்னாடி பக்கத்த இடிச்சிட்டாங்க. அம்மா படுத்திருந்த ரூமு அது. பாக்க வர்றாங்கன்னு காதுல வுழுந்ததும் எனக்கு அளக்குறதுதான் மேடம் ஞாபகம் வந்துச்சு."

ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல எனக்கு இருந்தது, அம்மா படுத்திருந்த ரூம் என்று கேட்டதும் கை இறங்கிவிட்டது. ஆன்டெனாம்மாவோ கோபப்படவே இல்லை. சந்தையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து, எந்தப் பக்கம் இடித்தார்கள், அம்மாவை அப்புறம் எங்கே படுக்க வைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கிழங்கு விற்கிற அம்மாவிடமும் அந்தக் கல் இன்னும் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். எத்தனை நாள் அந்த ஜீப்பில் ஏறி இறங்கியிருக்கிறோம், முருகேசன் வீட்டுக்கு முன்பக்கம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு, பேச்சைத் திருப்பியவர்களைவிட அது எங்கே திரும்பியது என்பதுதான் முக்கியம். திரும்பிய இடத்தில் ஒரு வலி இருக்கும் என்று நம்பினார். கொஞ்சம் பயமாகவும் இருந்தது எனக்கு. இவரிடம் ஒரு கதையைத் திரித்துச் சொன்னால் நம் வயிற்றுக்குள் இருப்பதையும் சேர்த்துப் படித்துவிடுவார் போலிருக்கிறதே!

சடையன் நிலத்தில்தான் இருந்தார். சாமைக் கதிர் தலை சாய்ந்து அறுப்புக்குத் தயாராக நின்றது. ஆன்டெனாக்கள் எல்லாம் நட்டது நட்டபடி இருந்தன. ஒரு பெட்டியின் உறையில் அறுந்த நாடாவுக்குப் பதிலாக நாரைக் கிழித்துக் கட்டியிருந்தார்.

"கம்பிய புடுங்கிடுவேன்னு சொன்னீங்களாமே?" என்று நான்தான் முந்திக்கொண்டேன்.

"நெலத்த எடுத்துக்குவாங்கன்னா, அறுப்பு முடிஞ்சதும் கம்பிய எடுத்துக்கினு போவச் சொல்லுன்னுதான் சொன்னன்," என்றார் சடையன். "நானே எதுக்குப் புடுங்குறன்? அந்தம்மா பொருளு அது."

ஆன்டெனாம்மா பெருமூச்சு விட்டார். "நெலத்த யாரும் எடுக்கலங்க. ஆன்டெனாவ பாத்துட்டுப் போவத்தான் வர்றாங்க. நடுவுல திரும்பிடுச்சு. எல்லாத்தையும் கழிச்சா ஒண்ணுமே இல்ல."

"இருக்குதும்மா," என்றார் சடையன். "ஆளுங்க வர்றது ஜீப்புக்காரருக்குத் தெரியுது, கெழங்கு விக்கிறவளுக்குத் தெரியுது. எனக்குத்தான் தெரியல. நெலம் என்னுது."

"ஆமாங்க. அது என் தப்பு. மொதல்ல உங்ககிட்டதான் வந்து சொல்லியிருக்கணும்," என்றார் ஆன்டெனாம்மா. இழுக்கவில்லை, மழுப்பவில்லை. அவ்வளவு படித்தவர் அப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆபீசர்கள் வந்தபோது முதலில் சடையனைத்தான் அறிமுகம் செய்துவைத்தார். அவர்கள் பார்த்தார்கள், சடையன் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். அது பிறகு நடந்தது.

அன்று இறங்கும்போது ஜீப்பில் யாரும் பேசவில்லை. என்னால் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும்? கோமுகி அணை கண்ணுக்குத் தெரியும் வளைவில் வாயைத் திறந்துவிட்டேன்.

"ஏம்மா, உங்க அண்ணன் சொன்னது யார் வழியா வந்துச்சு?"

"அத்தை வழியா. அன்னிக்கே சொன்னேனே."

"வேற யாருகிட்டயாவது கேட்டீங்களா?"

அவர் தோள்பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"ஊருக்கெல்லாம் ரெண்டு வாயில கேளுன்னு சொல்றீங்க. பூக்காரம்மா மருமகளப் போயி தொந்தரவு பண்றீங்க. உங்க பொறந்த வூட்டு விசயத்த ஒரு வாயில கேட்டுட்டு இத்தினி வருசமா உக்காந்துக்கினு இருக்கீங்களா?" எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. அன்றைக்குப் பார்க்க முடியாத சண்டையையும் சேர்த்து இதில் போட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அணையைத் தாண்டிக் கரும்புக் காடு வந்தது.

"ரெண்டாவது வாயில கேக்க பயமா இருந்துச்சுக்கா."

"இன்னா பயம்?"

"எல்லாத்தையும் கழிச்சப்புறமும் மிச்சம் இருந்துட்டா?"

ஆன்டெனாவில் மிச்சம் இருந்தால் பரோட்டா வாங்கிக் கொடுத்தவர் இவர். இங்கே மிச்சம் இருந்தால் அண்ணன் நிஜமாகவே வேண்டாம் என்றுவிட்டார் என்று ஆகிவிடும். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முருகேசன் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ஜீப்பை மெதுவாக ஓட்டினார்.

அந்த வாரக் கடைசியில் அவர் பஸ் ஏறினார். முன்கூட்டி யாருக்கும் போன் பண்ணவில்லை. போன் பண்ணினால் அதுவும் ஒரு வழிதானே, திருப்பிவிடும் என்றார். அன்று நான் தைத்த ஜாக்கெட்டில் ஒரு கை முன்பக்கமும் ஒரு கை பின்பக்கமுமாகப் போய், எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

மறுநாள் மதியம் வந்து இறங்கினார். கடை வாசலில் ஜீப்போடு நின்றிருந்த முருகேசனிடம், "முருகேசண்ணா, இன்னிக்கு மலைக்கு வேணாம்ணா, நாளைக்குப் போலாம்," என்றார். முருகேசன் யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மிச்சம் இருக்குதுக்கா," என்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "அண்ணன் சொன்னாருதான். மறைக்கல. வாசப்படியிலயே நிக்க வெச்சு சொன்னாரு. 'அவள வர வேணாம்னு சொல்லுன்னு சொன்னேன். அன்னிக்கு சொன்னேன். அன்னிக்கு மட்டுந்தான் சொன்னேன். இனிமேன்னு யாரு சொன்னது?' அப்படின்னாரு."

"அப்ப அந்த இனிமே எங்கேர்ந்து வந்துச்சு?"

"அத்தைக்குக் கூடப் பொறந்த தம்பி செத்த துக்கம். அதுல பாதி திரும்பியிருக்கும். மீதிப் பாதி நான். அப்பாவப் பாக்கலியேன்னு எனக்கே ஆத்திரம். அத்தை எவ்ளோ சொல்லியிருந்தாலும் நான் அதுக்கு மேலதான் எடுத்துக்கினு இருப்பேன்." மூக்கை உறிஞ்சினார். "நம்ம தலைக்கு மேல இருக்கிறதத்தான் மொதல்ல கழிக்கணும். தெரிஞ்சும் கழிக்கல."

அப்புறம் பையிலிருந்து ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். மாம்பழக் கலர், மெல்லிய ஜரிகைக் கரை. "அண்ணி வெச்சுக் குடுத்தாங்க. போன வாரம் அவங்களுக்கு எடுத்ததாம். நீதான் திடீர்னு வந்து நிக்கிறியே, இத எடுத்துக்கோன்னாங்க. எனக்கு அளவெடுங்க. பொங்கலுக்குப் பொடவ கட்டிக்கினு போவணும்."

துணியை விரித்தேன். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது. மடிப்பு மடிந்திருந்த இடமெல்லாம் வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. விரலால் இழுத்தால் அந்தக் கோட்டில் நூல் நைந்து கொடுத்தது. ஒரு மூலையில் தடவியிருந்த மஞ்சள் காய்ந்து பழுப்பேறியிருந்தது. எத்தனை துணி பார்த்தவள் நான்! கடையிலிருந்து போன வாரம் வந்த துணி இப்படியா இருக்கும்?

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன் என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். உடனே சொல்லிவிட்டேன்.

"இது போன வாரத் துணி இல்லம்மா. வருசக் கணக்கா பொட்டிக்குள்ள மடிஞ்சு கெடந்த துணி. அவங்களுக்குன்னு எடுத்திருந்தா தெச்சுப் போட்டிருப்பாங்க. வரிசை வெக்கத்தான் மூலையில மஞ்ச தடவி எடுத்து வெச்சிருக்காங்க. உங்கப்பா போன அடுத்த பொங்கலுக்கே எடுத்திருப்பாங்களோ என்னமோ. அனுப்பாம வெச்சிருக்காரு உங்க அண்ணன். அதச் சொன்னா அவருக்குக் கூச்சம்னு அண்ணி திருப்பிச் சொல்லியிருக்காங்க."

அவர் துணியைக் கையில் வாங்கினார். அந்த மஞ்சளை மோந்து பார்த்தார். அதுவரை என் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், என் மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். ஜாக்கெட் வாங்க வந்த ஒருத்தி வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அது என்ன கதையாகி எங்கே போனதோ!

அளவெடுத்தேன். "கவலப்படாதீங்க, அந்த வெளுத்த கோடெல்லாம் கைக்குழிக்குள்ளயும் தையலுக்குள்ளயும் போற மாதிரி வெட்டிடுறேன். உள்ள லைனிங் குடுத்துட்டா நையாது," என்றேன்.

"வேணாம்க்கா," என்றார். "லைனிங் குடுங்க. ஆனா கோட மறைக்காதீங்க. அது தெரியணும்."

இத்தனை வருடத் தொழிலில் ஒரு குறையை வெளியே தெரியும்படி நான் தைத்தது அது ஒன்றுதான். முதுகில் குறுக்காக, நட்ட நடுவில், வெளுத்த கோடு. பொங்கலன்று அதைப் போட்டுக்கொண்டு, மாம்பழக் கலர் ஜாக்கெட்டும் பச்சைப் புடவையுமாக அவர் திருநாவலூருக்குப் பஸ் ஏறினார். ஏறும்போது கண்டக்டரிடம், "அண்ணா, உளுந்தூர்பேட்ட போவும்ல?" என்று கேட்டது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

இப்போது அவர் வேலை முடிந்து வேறு ஊர் போய்விட்டார். சடையன் நிலத்தில் ஆன்டெனா நின்ற இடத்திலும் சாமை விளைகிறது. அன்றைக்குப் பஸ்ஸில் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள், இவ்வளவு நல்ல துணியை இப்படி வெளுத்த கோடு தெரியத் தைத்த தையல்காரி எவள் என்று கட்டாயம் பேசியிருப்பார்கள். யார் வழியாகவும் அது இன்னும் என் காதுக்கு வந்து சேரவில்லை. வரட்டும், எவ்வளவு திரும்பி வந்தாலும் சரி, கழிக்காமல் அப்படியே வாங்கி வைத்துக்கொள்வேன்.